எழுதித் தள்ளினால் கடன் தீர்ந்ததா?

'தள்ளுபடி' என்ற சொல்லுக்கு இருக்கிற மவுசு வேறு எந்தச் சொல்லுக்கும் கிடையாது. ஆடி மாதம் பிறந்துவிட்டால் தியாகராய நகரில் ஜவுளிக் கடைக்கு ஜவுளிக் கடை அந்தச் சொல்லைத்தான் ஆளுயர எழுத்தில் எழுதித் தொங்க விடுகிறார்கள். நாமும் வேண்டியதையும் வேண்டாததையும் வாங்கிக்கொண்டு, ஏதோ மிச்சம் பிடித்துவிட்டதாகப் பெருமைப்பட்டுக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

அதே சொல் காலைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தால் மட்டும் நம் முகம் மாறிவிடுகிறது. 'பாங்குகள் பல லட்சம் கோடி ரூபாய்க் கடன் தள்ளுபடி' என்று படித்ததும் காப்பி கசக்கிறது. "கையில் கிடந்த வளையலை அடகு வைத்துவிட்டு நாலு மாதம் வட்டி கட்டாவிட்டால் எனக்கு நோட்டீஸ் வருகிறது. கோடிக் கணக்கில் வாங்கினவனுக்குத் தள்ளுபடியா?" என்று கேட்காத வீடு உண்டா?

வயிறெரிவது நியாயந்தான். ஆனால், சகோதரிகளே, எரிவதைச் சரியான இடம் பார்த்து எரிய வேண்டும். இல்லாவிட்டால் தப்புச் செய்தவன் தப்பிவிடுவான்; கணக்கை ஒழுங்காக எழுதின குமாஸ்தா மீது நாம் கோபித்துக்கொண்டிருப்போம். அதனால்தான் இந்த வாரம் கணக்குப் புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், பால் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கும் புரியும்.

பத்திரிகைகள் 'தள்ளுபடி' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு சமாசாரங்களைப் போட்டு அடைத்துவிடுகின்றன. முதலாவது, கடனை மன்னித்துவிடுவது. 2021ஆம் வருஷம் தமிழ்நாட்டில் கூட்டுறவுச் சங்கங்களில் ஐந்து சவரன் வரை அடகு வைத்திருந்த நகைக் கடன்களைச் சர்க்கார் தள்ளுபடி செய்ததே, நினைவிருக்கிறதா? தகுதி உள்ளவர்கள் பணம் கட்டாமலே நகையைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். சங்கத்துக்குச் சேர வேண்டிய பணத்தைத் தருவதாகச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. கடன் வாங்கினவருக்கும் கடனுக்கும் அத்தோடு சம்பந்தம் அறுந்தது. இது மன்னிப்பு.

இரண்டாவது, கடனைக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளுவது. இதில் மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. கடன்காரன் கடன்காரன்தான். பத்திரம் பத்திரந்தான். வழக்கு வழக்குதான். பின் என்ன மாறுகிறது? பாங்க் தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்வதை நிறுத்திக்கொள்கிறது. அவ்வளவுதான்.

புரியும்படி ஒரு வீட்டுக் கணக்குச் சொல்கிறேன். அரிசி டப்பாவில் சிறுகச் சிறுகச் சேர்த்த பத்தாயிரம் ரூபாயை ஒரு தூரத்து உறவினருக்குக் கைமாற்றாகக் கொடுக்கிறீர்கள். 'தை பிறந்தால் தருகிறேன்' என்கிறார். தை பிறக்கிறது, அவர் தலைமறைவாகிவிடுகிறார். அடுத்த தையும் போகிறது. இதற்குள் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? 'கையில் இருபதாயிரம், வர வேண்டியது பத்தாயிரம், ஆக முப்பதாயிரம்' என்று கணக்குப் போட்டு, அந்த முப்பதாயிரத்தை நம்பிப் பெண்ணின் சீமந்தத்துக்குச் சமையல்காரருக்கு அச்சாரம் கொடுக்கிறீர்கள். வராத பணத்தை வந்ததாக எண்ணிச் செலவு செய்கிற வீடு எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கெட்டிக்காரியான குடும்பத் தலைவி என்ன செய்வாள்? 'இனி நம்மிடம் இருப்பது இருபதாயிரந்தான்' என்று நோட்டில் எழுதிவிடுவாள். ஆனால் உறவினர் எழுதிக் கொடுத்த புரோ நோட்டைக் கிழித்துப் போட மாட்டாள். அது பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக இருக்கும். கல்யாண வீட்டில் அந்த மனிதரைப் பார்த்தால், "என்ன அண்ணா, சௌக்கியமா? அந்தப் பத்தாயிரம்..." என்று ஆரம்பிக்காமல் விடவும் மாட்டாள்.

பாங்குகளும் இதைத்தான் செய்கின்றன, செய்ய வேண்டும். தொண்ணூறு நாளைக்கு மேல் வட்டியோ தவணையோ வராவிட்டால் அந்தக் கடன் 'வாராக்கடன்' என்ற வரிசைக்குப் போகிறது. ஈடு உள்ள கடனாக இருந்தால் முதல் வருஷம் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் லாபத்திலிருந்து எடுத்து ஒதுக்கி வைக்க வேண்டும். பிறகு இருபத்தைந்து, நாற்பது என்று ஏற்றிக்கொண்டே போய்க் கடைசியில் நூற்றுக்கு நூறும் ஒதுக்கியாக வேண்டும் என்பது பல வருஷங்களாக வழங்கி வந்த ரிசர்வ் பாங்க் விதி. ஆக, நஷ்டம் என்பது கடனை எழுதித் தள்ளுகிற தினத்தில் திடீரென்று வருவதில்லை. அது நாலு வருஷமாகக் கொஞ்சங் கொஞ்சமாக விழுங்கி முடித்த கசப்பு மருந்து. முழுத் தொகையும் ஒதுக்கியான பிறகு, தலைமை ஆபீஸின் ஐந்தொகையில் அந்தக் கடனை வெறுமனே சுமந்துகொண்டிருப்பானேன் என்று நீக்கிவிடுகிறார்கள். கடன் கொடுத்த கிளையின் பேரேட்டில் அது அப்படியே இருக்கும். பிற்பாடு ஏதாவது வசூலானால் அந்தத் தொகை நேராக லாபத்தில் சேர்ந்துவிடும் - தொலைந்து போனதாக விட்டுவிட்ட வெள்ளிக் கிண்ணம் பரணில் அகப்பட்ட மாதிரி!

"அப்படியானால் எழுதித் தள்ளுவதில் தப்பே இல்லையா?" என்று கேட்பீர்கள். எழுதித் தள்ளுவதில் தப்பில்லை. அதற்கு முன்னால் ஒரு தப்பு நடக்கலாம். அதற்குப் பின்னால் ஒரு தப்பு நடக்கலாம். இரண்டையும் சொல்கிறேன்.

முன்னால் நடக்கும் தப்பு, மூடி மறைப்பது. இதற்கு உதாரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். நம் சென்னைப் பட்டணத்திலேயே இருக்கிறது.

1906 அக்டோபர் 22ஆம் தேதி அர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்கார நிறுவனம் சென்னையில் கதவைச் சாத்தியது. அதில் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மறு வருஷம் சிறைக்கே போனார். 'நம்முடைய பணத்துக்கு நம்முடைய பாங்க் வேண்டும்' என்று வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானவர்கள் முனைந்து, 1907 ஆகஸ்டு 15ஆம் தேதி இந்தியன் பாங்கைத் திறந்தார்கள். 1969 ஜூலையில் தேசியமயமான பதினாலு பாங்குகளில் அதுவும் ஒன்று. அன்று முதல் அது சர்க்கார் பாங்க். அதாவது நம் பாங்க்.

1990க்கு முன்னெல்லாம், வர வேண்டிய வட்டியை வந்த வட்டி போலவே வருமானத்தில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் பாங்குகளில் பெரிதும் இருந்தது. நம் தூரத்து உறவினர் கதைதான்! 1991ஆம் வருஷத்து நரசிம்மம் கமிட்டியின் யோசனைப்படி, ரிசர்வ் பாங்க் 1992-93 முதல் இந்த வழக்கத்துக்குக் கடிவாளம் போட்டது. கையில் வராத வட்டியை லாபமாகக் காட்டக் கூடாது. சந்தேகமான கடனுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்றது. திரை விலகியதும் பல பாங்குகளின் நிஜ முகம் தெரிந்தது. 1995-96ஆம் வருஷத்தில் இந்தியன் பாங்க் காட்டிய நஷ்டம் 1,336 கோடி ரூபாய். அந்நாளில் தேசத்தையே திடுக்கிட வைத்த தொகை அது. கொடுக்கத் தகாத இடத்தில் கொடுத்த கடன்கள் என்று சி.பி.ஐ. விசாரணைகளும் வழக்குகளும் வந்தன. பாங்கைத் தூக்கி நிறுத்தச் சர்க்கார் கஜானாவிலிருந்து மூலதனம் கொட்ட வேண்டியிருந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1995-96ல் அந்தப் பணம் தொலையவில்லை. அதற்கு முன்பே தொலைந்துவிட்டது. அந்த வருஷம் செய்தது, தொலைந்ததை ஒப்புக்கொண்டதுதான். ஒப்புக்கொண்ட பிறகே வைத்தியம் ஆரம்பமாயிற்று. 2000ஆம் வருஷத்தில் திருமதி ரஞ்சனா குமார் அந்தப் பாங்கின் தலைவரானார். 2001-02ல் பாங்க் லாபக் கணக்குக் காட்டியது. 2007ல் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் அளவுக்கு அதன் மீது நம்பிக்கை திரும்பியது. மூழ்கிப் போகும் என்று பலர் கைகழுவிய பாங்க், 2020ல் அலகாபாத் பாங்கையே தன்னோடு இணைத்துக்கொண்டது. நோயை மறைத்த நாளில் இளைத்தது. நோயைச் சொன்ன நாளிலிருந்து தேறியது.

ஆனால் சுடச் சுடப் பட்டாலும் மனிதர்களுக்கு ஞாபகம் குறைவு. இருபது வருஷம் கழித்து இதே கதை தேசம் பூராவும் நடந்தது. சாலை, மின்சாரம், இரும்பு என்று பெரிய பெரிய திட்டங்களுக்கு அள்ளிக் கொடுத்த கடன்கள் திரும்பவில்லை. பழைய கடனின் தவணையை அடைக்கப் புதுக் கடன் கொடுத்து, 'எல்லாம் சரியாக நடக்கிறது' என்று சில பாங்குகள் நாடகமாடின. 2015ல் ரிசர்வ் பாங்க் ஒரு தனிச் சோதனை போட்டு, மூடியிருந்த பானைகளைத் திறந்து பார்த்தது. நாற்றம் எழும்பியது. 2018 மார்ச்சில் அரசுடைமை பாங்குகள் கொடுத்திருந்த கடனில் நூற்றுக்குப் பதினாலரை ரூபாய்க்கு மேல் வாராக்கடன். 2017-18 ஒரே வருஷத்தில் அந்தப் பாங்குகள் எல்லாம் சேர்ந்து காட்டிய நஷ்டம் 85,370 கோடி ரூபாய்.

அந்த ஓட்டையை அடைத்தது யார்? நாம்தான்! 2017 அக்டோபரில் இந்தப் பாங்குகளுக்கு மூலதனம் ஏற்ற, 1,35,000 கோடி ரூபாய்க்குச் சர்க்கார் கடன் பத்திரம் வெளியிடப் போவதாக நிதி மந்திரி அறிவித்தார். ஜனத்தொகை 130 கோடி என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள். தொட்டிலில் கிடக்கும் குழந்தை உட்படத் தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஐயாயிரத்துக்கு மேல். யாரும் நம் வீட்டு வாசலில் வந்து வசூலிக்கவில்லை. சோப்பிலும் சீப்பிலும் கொடுக்கிற வரியிலிருந்து அந்தப் பத்திரங்களுக்கு வட்டி போகிறது. அதனால் நமக்குத் தெரிவதில்லை.

இனி, பின்னால் நடக்கும் தப்பு. எழுதித் தள்ளியான பிறகு துரத்தாமல் விட்டுவிடுவது.

சட்டம் கைவசம் இல்லாமலில்லை. கடன் வசூலுக்கென்றே தனி நீதிமன்றங்கள் அமைக்க 1993ல் ஒரு சட்டம் வந்தது. கோர்ட்டுக்குப் போகாமலே ஈட்டுச் சொத்தைக் கைப்பற்றி ஏலம் விட 2002ல் ஒரு சட்டம். திவாலான கம்பெனிகளைக் கைமாற்றிவிட 2016ல் இன்னொரு சட்டம். ஆயுதம் மூன்று இருந்தும் வேட்டை எப்படி? பார்லிமெண்டில் 2023ல் சர்க்காரே சொன்ன கணக்கு இது: 2014-15 முதல் ஒன்பது வருஷத்தில் அரசுடைமை, தனியார் என்று எல்லா வர்த்தக பாங்குகளும் சேர்ந்து எழுதித் தள்ளிய தொகை சுமார் 14,56,000 கோடி ரூபாய். அதில் பாதிக்கு மேல், சுமார் 7,41,000 கோடி, பெருந்தொழில்களும் பெரிய சேவை நிறுவனங்களும் வைத்த பாக்கி. எழுதித் தள்ளிய கடன்களிலிருந்து அதே காலத்தில் வசூலானது சுமார் 2,05,000 கோடி. எழுதித் தள்ளியதோடு ஒப்பிட்டால் ரூபாய்க்குப் பதினாலு பைசா.

வயிறெரிய வேண்டிய இடம் இதுதான், சகோதரிகளே. எழுதித் தள்ளிய தொகை இத்தனை என்பதைவிட, துரத்திப் பிடித்தது இத்தனைதான் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. புரோ நோட்டைப் பீரோவில் வைத்தது சரி. ஆனால் கல்யாண வீட்டில் அந்த மனிதர் பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது நாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனால் அந்த நோட்டுக்கு என்ன மரியாதை?

இன்னொரு விஷயமும் உண்டு. 2025 மார்ச்சில் அரசுடைமை பாங்குகளின் வாராக்கடன் நூற்றுக்கு 2.58 ரூபாயாக இறங்கியிருந்தது. நல்ல செய்திதான். ஆனால் குறைந்ததெல்லாம் வசூலாகிக் குறைந்ததல்ல. ஒரு பகுதி வசூல். ஒரு பகுதி துடைப்பத்தால் பெருக்கித் தள்ளியது. கூடம் சுத்தமாக இருக்கிறது என்று மெச்சுவதற்கு முன்னால் குப்பை எங்கே போயிற்று என்று பார்ப்பதுதானே நம் வழக்கம்?

பெரிய மனிதர்களின் கதை போதும். நம் வீட்டுக் கதைக்கு வருவோம். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண்மணி என்னிடம் கேட்டாள்:

"அக்கா, என் தம்பி மளிகைக் கடை வைக்கிறதுக்குப் பாங்கிலே கடன் வாங்கினான். நான்தான் ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். கடை நஷ்டமாகி மூடிட்டான். இப்போ அந்தக் கடனை எழுதித் தள்ளிட்டாங்களாம். இனிமே எனக்குக் கவலை இல்லைதானே?"

"யார் சொன்னது அப்படி?"

"தம்பிதான் சொன்னான். 'அக்கா, கடன் ஒழிஞ்சுது, சாமிக்குத் தேங்காய் உடை'ன்னான்."

"தேங்காயைச் சட்னிக்கு வச்சுக்கோ. ஒழிஞ்சது பாங்க் கணக்கிலேதான். உன் கணக்கிலே ஒழியல்லே."

அவள் முகம் வாடிப் போயிற்று. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய பாவம். 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது: ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, கடன் வாங்கினவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன் போட்டவருக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் அவனைக் கேள், அப்புறம் என்னைக் கேள் என்று சொல்ல முடியாது. 'தம்பி கேட்டான், போட்டேன்' என்பது கோர்ட்டில் எடுபடாது.

அது மட்டுமல்ல. பாங்குகள் யாருக்குக் கடன் கொடுத்தோம், யார் ஒழுங்காகக் கட்டினார்கள் என்ற விவரத்தைக் கடன் தகவல் கம்பெனிகளுக்கு அனுப்புகின்றன. 'சிபில்' என்று ஊரில் பேசிக்கொள்கிறோமே, அது அவற்றில் ஒன்று. அங்கே ஒருவர் பெயருக்கு எதிரே 'எழுதித் தள்ளியது' என்று ஒரு குறிப்பு விழுந்துவிட்டால், அது வருஷக் கணக்கில் நிழல் போலத் தொடரும். நாளைக்குப் பிள்ளையின் படிப்புக்கோ வீட்டுக்கோ கடன் கேட்டுப் போனால், மானேஜர் முதலில் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான்.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. பாங்கில் போய்ப் பேசி, ஒரே தடவையில் இவ்வளவு கட்டுகிறோம் என்று சமரசத் தீர்வுக்கு வரலாம். பாங்குகளும் பல சமயம் இணங்கி வருகின்றன. ஆனால் பேசினதை எழுத்தில் வாங்க வேண்டும். ஜாமீன்தாரரின் பெயரும் அதில் விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். பணம் கட்டினதும் 'பாக்கி இல்லை' என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கி, கடன் தகவல் கம்பெனியிலும் திருத்தியாயிற்றா என்று சரி பார்க்க வேண்டும். குறைத்துக் கட்டித் தீர்த்தால், 'முழுதும் கட்டினார்' என்று எழுத மாட்டார்கள். 'சமரசமாய்த் தீர்ந்தது' என்றுதான் எழுதுவார்கள். முடிந்தவரை முழுதும் கட்டுவதே மேல். அந்தப் பெண்மணியிடமும் தம்பியைக் கூட்டிக்கொண்டு நேரே பாங்குக்குப் போகும்படிதான் சொல்லி அனுப்பினேன்.

இந்த இடத்தில்தான் மனசு கேட்கவில்லை. ஒரு மளிகைக் கடைக்கு ஜாமீன் போட்ட அக்காவை அந்தக் குறிப்பு வருஷக் கணக்கில் துரத்துகிறது. கோடி கோடியாக வாங்கினவர்களில் சிலரோ, கட்டச் சக்தி இருந்தும் கட்டாமல் காரில் போகிறார்கள். அப்படிப்பட்டவர்களைத் தனியாக வகைப்படுத்தி, புதுக் கடன் கொடுக்காதே என்று ரிசர்வ் பாங்க் விதி வைத்திருக்கிறது. விதி இருப்பது பெரிதல்ல. அக்காவிடம் காட்டுகிற சுறுசுறுப்பில் பாதியாவது அங்கேயும் காட்ட வேண்டும்.

ஆகவே, அடுத்த தடவை பத்திரிகையில் 'தள்ளுபடி' என்று பார்த்தால் உடனே கொதிக்க வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். இது மன்னிப்பா, கணக்கில் எழுதித் தள்ளியதா? கடன் கெட்டுப் போனதை எத்தனை வருஷம் மறைத்து வைத்திருந்தார்கள்? எழுதித் தள்ளிய பிறகு எவ்வளவு வசூலித்தார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பதில் ஒவ்வொரு பாங்கின் வருஷாந்தர அறிக்கையிலும் இருக்கிறது. மத்தியானம் தொடர்கதை படித்து முடித்த பிறகு ஒரு தரம் புரட்டிப் பாருங்கள். அதில் வரும் வில்லன்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல!

யாராவது, "சும்மா ஒரு கையெழுத்துத்தான் அக்கா" என்று சிரித்துக்கொண்டே காகிதத்தை நீட்டினால், பேனாவை எடுப்பதற்கு முன்னால் மூக்குக் கண்ணாடியை எடுங்கள்.